பிள்ளைகள் காப்பகத்துக்கு நல்ல ஆள் கிடைக்க நாம் என்ன செய்ய வேண்டும்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று காலையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். மூன்று ஊராட்சிகளில், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் தொடங்குவது என்று எல்லோரும் கைதட்டினோம். கட்டடம் எது என்று பேசினோம். தொட்டில், பாய், பாத்திரம் என்ன விலை என்றுகூடப் பேசிவிட்டோம். “பிள்ளையை யார் பார்த்துக்கிறது?” என்று பொருளாளர் கேட்டதும் மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளித் தொண்டராக வெளியே வந்தவள். அதன் பிறகு அங்கன்வாடியில் பல வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். தொண்டராகவும் இருந்திருக்கிறேன், மதிப்பூதியம் வாங்கிய பணியாளராகவும் இருந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை மட்டும் நீங்கள் மனசில் வைத்துக்கொண்டால் போதும், நான் பேச வந்ததில் பாதி முடிந்துவிடும்.

எதற்கு இந்தக் காப்பகம்?

அங்கன்வாடிதான் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் அங்கே காலையில் கொண்டுபோய் விடுவது இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைத்தான். கைப்பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? நடவுக்கும், கடலை பிடுங்கவும், முந்திரிக்கொட்டை பொறுக்கவும் போகிற தாய்க்கு இரண்டே வழிதான். கண் தெரியாத அப்பத்தாவிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது படிக்கிற மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்த வேண்டும். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் தம்பி தங்கச்சியைத் தூக்கி வைத்திருந்ததால் படிப்பை விட்டோம் என்று கை தூக்கச் சொன்னால், எண்ண முடியாது.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இதற்கு வழி எழுதி வைத்தார்கள். வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க விட வேண்டும், அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று. நடைமுறையில் என்ன ஆனது? நான் போய்ப் பார்த்த தளங்களில், மண்வெட்டி பிடிக்க முடியாதவர் யாரோ அவரை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். மற்ற வேலைக்கு ஆகாதவர் பிள்ளை பார்க்கட்டும் என்கிற அந்த நினைப்போடு தேடினால் அப்படிப்பட்ட ஆள்தான் கிடைப்பார். முதலில் அதை விட்டுவிட வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்?

ஆள் தேடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை ஓர் அளவு சொல்கிறது. மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒருவர். மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைக்கு ஒருவர். நம் காப்பகம் ஒவ்வொன்றிலும் இருபது கைப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பார்க்க இரண்டு பேர். சமைக்கவும் சுத்தம் செய்யவும் ஒருவர். இந்த மூவரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் வந்து நிற்க மாற்றாள் ஒருவர். ஆக நாலு பேர். மூன்று ஊராட்சிக்குப் பன்னிரண்டு பெண்கள்.

மாற்றாளைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் வராத அன்று இன்னொருவர் இருபது பிள்ளையோடு தவிப்பார். இப்படி மூன்று முறை நடந்தால் அவரும் நின்றுவிடுவார். மாற்றாளை முதல் நாளே தேர்ந்தெடுத்து, மற்றவர்களோடு சேர்த்தே பயிற்சி கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு பேரும் சம்பளக்காரர்கள். “நம்ம பிள்ளைகதானே, சேவையா செய்யட்டும்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அறிவொளியில் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனாலும் ஊர் ஊராகப் போனோம். அப்போது ஷீலா ராணி சுங்கத் அம்மா மாவட்ட ஆட்சியர். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுதப் படித்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். காசு இல்லாமல் எப்படி நடந்தது? சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வேலை. இன்னும் சில மாதத்தில் முடிந்துவிடும் என்று தெரியும். பகலில் அவரவர் கூலிக்குப் போய் வந்தோம். பிள்ளைக் காப்பகம் அப்படி இல்லை. காலை எட்டு மணியில் இருந்து சாயங்காலம் வரை, வாரம் ஆறு நாள், வருசம் முழுக்க நடக்கிற வேலை. இதைச் செய்கிறவர் வேறு கூலிக்குப் போக முடியாது. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அதனால் சம்பளம் எவ்வளவு என்பதைச் செயற்குழு முடிவு செய்யட்டும், ஆனால் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் தருகிற தினக்கூலியை விட ஒரு ரூபாயும் குறையக் கூடாது என்பது என் கருத்து. குறைந்தால், காப்பகத்தில் விட்ட தாய் பார்க்கிற வேலையை விடப் பிள்ளை பார்க்கிற வேலை மட்டம் என்று நாமே சொன்னதாகிவிடும்.

ஆள் எங்கே இருக்கிறார்?

“படிச்ச பொண்ணு யாரும் இல்லையே” என்பார்கள். நம்மை விட முன்னால் தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வோம்.

1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்த திட்டம். அதற்கு ஊருக்குள்ளேயே பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பைப் பார்த்தார்கள், அதோடு இன்னொன்றும் பார்த்தார்கள். வசதி இல்லாத வீடாக இருந்தும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்திருக்கிறாளா என்று பார்த்தார்கள். அந்தப் பெண் அடுத்த வீட்டில் போய் “பிள்ளைக்கு முட்டை குடு” என்றால், “ஒனக்கென்ன, காசு இருக்கு” என்று யாரும் சொல்ல முடியாது இல்லையா?

காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கினார்கள். சமைக்கிறவர்கள் நம் குழுப் பெண்கள்தான். அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற தாயாக இருக்க வேண்டும் என்று பார்த்து எடுத்தார்கள். தன் பிள்ளையும் அதே பாத்திரத்தில்தான் சாப்பிடும் என்றால் அரிசியில் கல் பொறுக்க மேலதிகாரி தேவையில்லை.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான். இருந்தும் ஏன் வந்தார்கள்? சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்தான் வேலை. சொந்தத் தெரு. ஏறத்தாழ இருபது பிள்ளைகள். பஸ் ஏற வேண்டியதில்லை, மாமியாரிடம் பெரிய விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை பட்டப் படிப்பு முடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பெண்கள் இன்றும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். நம் பட்டியலில் முதல் பெயர்கள் அவர்களுடையதாக இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது?

ரேஷன் கடையில் நோட்டீஸ் ஒட்டுங்கள், கோயில் மைக்கில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் செய்தே ஆக வேண்டும். மறைத்து ஆள் எடுத்தால் பின்னால் சண்டை வரும். ஆனால் நோட்டீஸைப் பார்த்து நல்ல ஆள் தானாக வருவது அபூர்வம். “விருப்பம் உள்ளவங்க வாங்க” என்று கூட்டத்தில் கேட்டால், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காலையில் பார்த்தோமே!

பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஏன் அவளைக் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். “நீ சும்மாதானே இருக்கே, வாயேன்” என்றால் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். நான் கேட்கிற விதம் இப்படி:

“தங்கச்சி, போன மாசம் ஒங்க அக்கா மகன் அழுதப்ப நீ அவனச் சமாதானம் பண்ணுனத நான் பாத்தேன். அதட்டாம, மிட்டாய் குடுக்காம, எதுக்கு அழுகுறேன்னு கேட்டே. அது எல்லாருக்கும் வராது. காப்பகத்துக்கு ஒன்ன மாதிரி ஆளு வேணும். காலையில எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். சம்பளம் இவ்வளவு, அஞ்சாந்தேதிக்குள்ள கணக்குல ஏறிரும். இப்பவே பதில் சொல்ல வேணாம். வீட்ல பேசு, வெள்ளிக்கெழம நானே வாரேன்.”

வெள்ளிக்கிழமை கட்டாயம் போக வேண்டும். போகும்போது வீட்டுப் பெரியவர்களிடமும் பேச வேண்டும். “அத்தே, மருமகள வெளியூருக்கு அனுப்பச் சொல்லலே. நம்ம ஊர்லதான். ஒங்க பேரனையும் அங்கேயே கூட்டிட்டு வரட்டும். நீங்களும் ஒரு நாளு வந்து பாருங்க” என்று கூப்பிடுங்கள். வந்து பார்த்த மாமியார் தடுக்க மாட்டார். கணவன்மாருக்கும் இதே மாதிரி நேரில் சொல்லுங்கள். வேலைக்கு வந்த பிறகு வீட்டில் சண்டை போட்டு அவள் நிற்பதை விட, வருவதற்கு முன்னால் இரண்டு டீ அதிகமாகக் குடிப்பது நல்லது.

வேலையின் கஷ்டத்தையும் மறைக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை துடைக்க வேண்டும், கழுவ வேண்டும், இடுப்பு எப்படி வலிக்கும் என்று சொல்லியே கூப்பிடுங்கள். கேட்டும் வருகிறவள்தான் நிற்பாள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால், நன்றாகப் பேசுகிறவர்தான் தேர்வாவார். கைப்பிள்ளைக்குப் பேச்சு தேவையில்லை. பெயர் கொடுத்தவர்களை இரண்டு அரைநாள் பிள்ளைகளோடு இருக்க விடுங்கள். அந்த அரைநாளுக்கும் கூலி கொடுங்கள். தேர்வுக்குழு ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

எதைப் பார்ப்பது? பிள்ளையிடம் பேசும்போது குனிந்து, உட்கார்ந்து பேசுகிறாளா, நின்றபடி அதட்டுகிறாளா? துடைத்துவிட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோறு ஊட்டுகிறாளா? ஒதுங்கி நிற்கிற பிள்ளை அவள் கண்ணில் படுகிறதா? அழுக்குச் சட்டை போட்ட பிள்ளையையும் தூக்குகிறாளா? போனை எத்தனை முறை எடுக்கிறாள்? இத்தனையும் அரைநாளில் தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். “பிள்ளைக்கு வலிப்பு வந்தா என்ன செய்வே?” “அப்பா குடிச்சுட்டு வந்து பிள்ளையக் குடுன்னு கேட்டா என்ன செய்வே?” சரியான விடை தெரியாவிட்டால் பரவாயில்லை, அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கலாம். “யாரையாவது கூப்பிடுவேன்” என்று சொல்கிறாளா என்று கவனியுங்கள். தனியாகவே எல்லாம் சமாளிப்பேன் என்பவரிடம் எனக்குப் பயம் உண்டு.

இன்னும் மூன்று விசயங்களை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

ஒன்று, சொந்தக்காரர். நிர்வாகியின் மகளோ மருமகளோ பெயர் கொடுக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அன்று அந்த நிர்வாகி தேர்வுக்குழுவில் உட்காரக் கூடாது. யார் யார் பெயர் வந்தது, யாரை ஏன் எடுத்தோம் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாரிடமும் ஒரு காபிக் காசு கூட வாங்கக் கூடாது.

இரண்டு, சாதி. இன்னார் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் சொன்ன செய்திகளை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். நம் காப்பகத்தில் அந்தப் பேச்சு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம், வரும். அதனால் முன்கூட்டியே முடிவு செய்வோம். நாலு பேரும் ஒரே தெருவில் இருந்து வரக் கூடாது. ஊர்ப் பக்கமும் காலனிப் பக்கமும் சேர்ந்து இருக்க வேண்டும். யார் சமைத்தாலும் முதல் நாள், முதல் பந்தியில் நிர்வாகிகள் நாம் நம் பேரன் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். “அவங்களை மாத்துங்க” என்று யார் வந்து கேட்டாலும் கூட்டமைப்பு மாற்றாது. இதற்கு இன்றே தீர்மானம் போடுங்கள். பிரச்சினை வந்த அன்று கூட்டம் போட்டால், அந்த ஏழைப் பெண்ணைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்லுவோம்.

மூன்று, பாதுகாப்பு. எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். பிள்ளையோடு பூட்டிய அறையில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். போக்சோ சட்டம் 2012-ல் இருந்து இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும், எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

தொண்டர்களுக்கு என்ன வேலை?

சம்பளக்காரர்கள் இருந்தால் தொண்டர் எதற்கு என்று நினைக்காதீர்கள். ஊரின் கை பட்டால்தான் காப்பகம் ஊருடையதாகும். ஆனால் தொண்டருக்குக் கொடுக்கிற வேலை சின்னதாக, தெளிவாக, முடிவு உள்ளதாக இருக்க வேண்டும். “வந்து ஒதவி பண்ணுங்க” என்றால் வந்தவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலோடு போய்விடுவார்.

“அப்பத்தா, செவ்வாக்கெழமதோறும் பத்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் கதை சொல்லுங்க.” “கொத்தனாரண்ணே, ஒரு ஞாயித்துக்கெழம வந்து அந்தத் தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டுக் குடுங்க.” தையல்கார அக்காவிடம் மிச்சத் துணி கேட்டால் பந்தும் பொம்மையும் ஆகும். பன்னிரண்டாவது எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பெண் இரண்டு மாதம் வந்து படம் வரைந்து கொடுக்கலாம். எடை போடுகிற நாளில் கணக்கு எழுத ஒரு தம்பி வரலாம். வேலை முடிந்ததும் அவர்கள் பெயரைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். அடுத்த தடவை கேட்காமலே வருவார்கள்.

ஒன்றே ஒன்று: பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்கிற கணக்கில் தொண்டரைச் சேர்க்கக் கூடாது. அவர் வராமல் போக உரிமை உள்ளவர்.

வந்தவரை எப்படி நிற்க வைப்பது?

பக்கத்து ஊரில் ஒரு பால்வாடி இருந்தது. அருமையாகப் பிள்ளை பார்க்கிற பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து வரும், சில சமயம் அதுவும் வராது. அவள் காதுத் தோட்டை அடகு வைத்து மூன்று தடவை திருப்பினாள். நாலாவது தடவை தையல் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். பிள்ளைகள் புதிய ஆளிடம் போகாமல் அழுதார்கள். தாய்மார்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அரை வருசத்தில் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள். தையல் கம்பெனியிலும் பெரிய சம்பளம் ஒன்றுமில்லை. ஆனால் சொன்ன தேதியில் வந்தது.

கைப்பிள்ளைக்கு முகம்தான் வீடு. முகம் மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் பொம்மையும் உதவாது. அதனால் புது ஆள் தேடுவதில் காட்டுகிற அக்கறையை விட, இருக்கிற ஆளை நிற்க வைப்பதில் அதிகம் காட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அரசு நிதியோ நன்கொடையோ தாமதமானாலும் ஐந்தாந்தேதி தவறக் கூடாது.

விடுமுறை எத்தனை நாள், பிரசவத்துக்குப் போனால் திரும்ப வேலை உண்டா என்பதை எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று மாதம் அனுபவம் உள்ள ஒருவரோடு சேர்த்து விடுங்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். மாதம் ஒரு முறை மூன்று காப்பகப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து அவர்கள் பாடுகளைப் பேசட்டும். பத்தாவதோடு நின்றவர் பன்னிரண்டாவது தனியாக எழுத விரும்பினால் கட்டணத்துக்குக் குழுவில் கடன் கொடுங்கள். நாளைக்கு அவர் அரசு அங்கன்வாடிக்குப் போய்விட்டால் நமக்கு நட்டம் என்று நினைக்காதீர்கள். இங்கே வந்தால் முன்னேறலாம் என்று அடுத்த பெண் அவரைப் பார்த்துத்தான் வருவாள்.

பெற்றோர் குறை சொல்ல வந்தால் நிர்வாகியிடம் வரட்டும். பிள்ளைகள் முன்னால் அவளைத் திட்ட யாருக்கும் உரிமை இல்லை. “ஆயா” என்று கூப்பிடாமல் பெயரோடு அக்கா என்று கூப்பிடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பூதியம் என்ற பெயரில் கொடுத்தாலும் அது உழைப்புக்கான கூலிதான் என்று நாங்கள் பல வருசம் பேசி வந்ததை ஒரு தீர்ப்பில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்களின் அமைப்பான நாம் அதற்குக் குறைவாக நடந்துகொள்ளலாமா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால்

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ஒவ்வொரு குழுவும் நாலு பெயர்கள் கொண்டுவாருங்கள். இரண்டு பெயர் சம்பள வேலைக்கு, இரண்டு பெயர் தொண்டுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள். அவர் பிள்ளைகளோடு பழகுவதை யார் பார்த்தீர்கள்? வீட்டில் பேசியாகிவிட்டதா? எந்த நேரம் வர முடியும்? இந்த மூன்றும் இல்லாத பெயரைத் தேர்வுக்குழு எடுத்துக்கொள்ளாது.

நம் குழுக்கள் சேமிப்பில் தொடங்கியவை. யார் கடனைத் திருப்பிக் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று ஊரில் எந்த வங்கி மேலாளரையும் விட நமக்குத் தெரியும். யார் கையில் பிள்ளையைக் கொடுக்கலாம் என்பதும் நமக்குத்தான் தெரியும். அந்தத் தெரிவை நேர்மையாகச் செய்து, தெரிந்தெடுத்தவரை மரியாதையாக வைத்திருந்தால் பன்னிரண்டு பேர் கிடைப்பது பெரிய காரியமே இல்லை.

வெள்ளிக்கிழமை யார் யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டு எழுந்திருங்கள்.